இறங்காத பெட்டிகள்

எட்டு ஐந்து நான்கு ஒன்று: சூரியத் தகடு.
இரண்டு ஏழு சைபர் ஒன்று: நிலக்கரி.
உலகத்தின் வாக்குவாதம் என்னிடம்
இந்த இரண்டு எண்களாகத்தான் வரும்.
கொச்சிக்கடை மணி கேட்கிற தூரத்தில்
துறைமுக யார்டில் தகரக்கூரை அறை.
மின்விசிறி சுற்றினால் கடதாசி பறக்கும்
நின்றால் நான் நனைவேன்.

பங்குனியில் நூற்றுப்பதினாறு பெட்டிகள்,
ஒரே தொழிற்சாலை, ஒரே நீல முத்திரை.
போகவேண்டிய நாடு நள்ளிரவில்
வரியை ஏற்றிவிட்டதாம்.
அங்கே ஆட்சி மாறினால் காற்றின் விலையும் மாறும்.
நேற்று மானியம் கொடுத்த கை
இன்று எண்ணெய்க் கிணற்றின் மூடியைத் திருகுகிறது.
விற்கிற நாடோ
ஒரு கையால் தகடு வார்க்கிறது,
மறுகையால் புதுச் சுரங்கத்துக்கு நாடா வெட்டுகிறது.
இன்னொரு கண்டம், மிகச் சுத்தமானது,
பெட்டிக்குள் எவ்வளவு புகை ஒளிந்திருக்கிறது என்று
பதினேழு பக்கப் படிவத்தில் கேட்கிறது.
அயல்நாடு சொல்கிறது:
நீங்கள் இருநூறு வருசம் எரித்தீர்கள்,
எங்கள் அடுப்பு இப்போதுதான் பற்றியது.
சொன்னதில் பிழையில்லை.
சொல்லிவிட்டு, பாலைவனம் முழுக்கத்
தகடு விரித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் சரியாகத்தான் கதைக்கிறார்கள்.
மட்டக்குளியில் என் வீட்டுச் சுவரில்
களனி வந்துபோன கோடு
முழங்காலுக்கு நாலு விரல் மேலே.
அதில் எவர் பங்கு எத்தனை விரல் என்று
பிரித்து எழுத ஒரு படிவமும் இல்லை.

பெட்டிகள் காத்திருந்தன.
எங்களுக்கு இல்லை, மீள்கப்பலேற்றம்.
கிரேன் தூக்கும், அடுக்கும், பிறகும் தூக்கும்.
நூற்றுப்பதினாறு பெட்டி வெயில்
பூட்டி, சீல் வைத்து,
வெயிலிலேயே கிடந்தது.

நிலக்கரி எங்கள் துறையைத் தொடுவதில்லை.
புத்தளம் பக்கத்துக் கடலில் பாஜ்ஜுக்கு இறங்கும்.
அதன் கடதாசி மட்டும் என் மேசைக்கு,
கறுப்பு ஒரு துளியும் ஒட்டாமல்,
மேல்மூலையில் சிவப்பு மையில் அவசரம் என்று.
அதற்கு வரிசை இல்லை.
அதை நான் ஒருநாளும் தாமதித்ததில்லை;
தாமதித்தால் என் பிள்ளை இருட்டில் படிக்கும்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
பாதி அடித்த எண் திரையோடு போயிற்று.
கிரேன் நிற்கவில்லை, அதற்கு வேறு கம்பி.
எங்கள் ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று சொல்லிவிட்டு
ரிஸ்மி பெட்டி நிழலில் போய் உட்கார்ந்தான்.
"அண்ணே, இதுக்குள்ள என்னா?"
"கரண்ட்."
அவன் சிரிக்கவில்லை.
எழும்பி, சுடும் தகரத்தில்
காதை வைத்துப் பார்த்தான்.

வியாழக்கிழமை கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போனது.
எந்த நாட்டுக்கு என்பது எனக்குத் தெரியும்,
எழுத அனுமதி இல்லை.
உள்நாட்டுப் பாவனை என்ற கட்டத்தில்
பூச்சியம் அடித்தேன்.
வெளியே, பெட்டிகள் நின்ற இடத்தில்
சீமெந்து மட்டும் கொஞ்சம் வெளிறாமல் இருந்தது.
ரிஸ்மி சோற்றுப் பார்சலோடு
வேறு நிழல் தேடிக்கொண்டிருந்தான்.