இருட்டைப் பார்க்கும் வேலை

திரைக்கு முதுகு காட்டி நிற்பது என் வேலை.
பதினொரு வருஷமாய் வெள்ளவத்தையில்
ஒரு படத்தையும் நான் முகம் பார்த்ததில்லை.
கதாநாயகன் செத்தால்
மூன்றாம் வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம்.
முத்தமென்றால்
பல்கனியில் யாரோ ஒருவர் இருமுவார்.
ஒவ்வொரு காட்சியிலும் ஒருமுறை
கடற்கரை றெயில் வந்து சுவரை உலுப்பும்.
அவ்வளவுதான் எனக்குக் கதை.

முதல்நாள் காட்சிக்கு
விநியோகஸ்தரின் ஆள் ஒரு கண்ணாடி தந்தார்,
இருட்டைப் பச்சையாக்கும் கண்ணாடி.
களவாய்ப் படம் பிடித்தால் மறியல் என்று
மூன்று மொழியில் எச்சரிக்கை ஓடியது.
அதற்கும் விசிலடித்தார்கள்.
கண்ணாடியைப் போட்டேன்.
அறுநூறு பேரும்
குளத்தின் அடியில் குந்தியிருப்பதுபோல.
அதிலே ஒரு புள்ளி
மூச்சு விடுவதைக் கண்டேன்.

எச் வரிசை, பன்னிரண்டாம் கதிரை.
சேர்ட் பொக்கற்றில் ஓட்டை வெட்டி
ஓரத்தைக் கறுப்பு நூலால்
காஜா எடுத்திருந்தான். அவ்வளவு நேர்த்தி.
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
துணிக்கடைப் பெடியன்,
பெயர் திவ்வியநாதன்.
கொலரைப் பிடித்தேன்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"அண்ணை, இந்தப் பாட்டு முடியட்டுமே."

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
புலமைச் சொத்து என்று
நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன்.
சொத்தா, என்று நிமிர்ந்தான்.
வவுனியாவில் காணி வழக்கு நடக்கிற வீட்டுப் பிள்ளை.

சான்றுப்பொருள் என்றால் பார்த்தாக வேண்டுமாம்.
சார்ஜன்ட் போனை மேசையில் நிறுத்தி ஓட்டினார்.
நாற்பத்தொரு நிமிஷம்
படம் ஏறி இறங்கியது, அவன் நெஞ்சோடு.
கதாநாயகி அழும் இடத்தில் மெதுவாக,
தூரத்தில் என் டோர்ச் தெரிந்த இடத்தில்
புயலில் வள்ளம்போல.
பொலிஸ் வாங்கில்
நுளம்பு அடித்தபடி
முதன்முதலாய் ஒரு படத்தை நேரே பார்த்தேன்.
பகிடி வந்தது, சிரித்தேன்.
பாஷை விளங்காமல் சார்ஜன்ட்டும் சிரித்தார்.
அவன் சிரிக்கவில்லை.
அவனுக்கு அந்தப் பகிடி ஏற்கெனவே தெரியும்.

ஐயாயிரம் தருவார்களாம்.
யார்?
தெரியாது, ஒரு நம்பர்.
சார்ஜன்ட் அடித்துப் பார்த்தார்.
பாவனையில் இல்லை என்றாள் ஒருத்தி,
அவளும் மூன்று மொழியில்.

பாராட்டி எனக்கொரு கடிதம் வந்தது.
அதை அலுமாரியில் வைத்த ஞாயிற்றுக்கிழமை
மகள் தாட்சாயினி
போனைத் தலையணையில் சாய்த்து
"அப்பா, புதுப்படம்" என்றாள்.
எங்கே எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.
வெங்காயத் தட்டோடு மனைவியும் வந்து குந்தினாள்.

இது வேறு கோணம். இடப்பக்கம், மேலிருந்து.
ஆடவில்லை, அசையவில்லை,
மூச்சே இல்லாத ஒருவன் எடுத்தது.
ஒரு சாவீட்டின் நடுவே
றெயில் போனது.
அந்தக் கதையில் றெயிலே இல்லை.
நான் வெங்காயத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன்.

நாற்பத்தொராம் நிமிஷம்
திரையின் அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பியது,
இன்னொரு நிழலைக் கொலரில் பிடித்தபடி.
பாட்டில் பாதியை மறைத்தது.

"ஆரது, விசரன்!" என்றாள் மகள்.
"தலையைக் குனியச் சொல்லுங்கோ அப்பா."

கட்டிலில் இருந்தபடியே
நான் குனிந்தேன்.