எடைக்கு ஆள்

என் ஜீப்புக்குப் பின்பக்கம்
சக்கரத்துக்குப் பதினோரு பிளேட்டு.
கம்பெனி கொடுத்தது ஏழு.
மீதி நாலு ஒடுகத்தூர் பட்டறையில் இம்தியாஸ் செருகியது,
புளி மூட்டைக்காக, சாமை மூட்டைக்காக,
உள்ளே பதினாறு பேர் போக
கம்பியில் தொங்கும் மூன்று பேருக்காக.

பாரம் ஏறினால் என் வண்டி சாது.
வெறுமனே ஓட்டிப் பாருங்கள், கழுதை.
கல்லுக்கு ஓர் உதை.
"இது வில்லு இல்லண்ணா, கடப்பாரை"
என்று இம்தியாஸே சொல்வான்,
காசை எண்ணிக்கொண்டே.

அன்றைக்கு அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியிலிருந்து
கோவிந்தியை ஏற்றிவந்தேன்.
வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து எட்டாம் நாள்.
அணைக்கட்டு வரைக்கும் தார் ரோடு, தெரியவில்லை.
தாண்டியதும் ஒரு வேகத்தடை.
பத்தில்தான் போனேன்.
அவள் கத்தவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
புருஷன் வெள்ளையனின் மணிக்கட்டு
அவள் பல்லில் இருந்தது.

மலையில் இன்னும் பதினாலு கிலோமீட்டர்.
ரோடு என்று சொல்லத்தக்கது அதில் இரண்டு.
மீதியை வருஷா வருஷம் மழைதான் போடுகிறது.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி
பின்படியில் நின்று கூவினேன்,
"மலைக்கு வர்றவங்க ஏறுங்க, துட்டு வேணாம்!"
ஒருத்தரும் நகரவில்லை.
ஓசி என்றால் முறைத்துப் பார்க்கும் ஊர் இது.
"இன்னா விசேஷம்?" என்றார் உப்பு மூட்டைக்காரர்.
"எடைக்கு ஆள் வேணும்."

உள்ளே எட்டிப் பார்த்தார்.
மூட்டையை முதலில் ஏற்றினார், பிறகு தன்னை.
கடுக்காய் விற்றுத் திரும்பும் அக்காளும் தங்கையும்.
மடியில் முட்டை அட்டையோடு சத்துணவு டீச்சர்.
"நான் எம்பது கிலோ, எழுதிக்கோ" என்று
குடித்திருந்த ஒருத்தர்.
கடைசியாக, மலைக்குச் சம்பந்தமே இல்லாத
செல்போன் கடைப் பையன்:
"கீழ வரும்போது இறக்கி வுட்டுடுண்ணா."
ஆளுக்கு அரை விரல் தாழ்ந்தது வண்டி.
பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி, முனகி,
அடங்கின.

அடிவாரத்தில் டயருக்குக் காற்றைக் குறைத்தேன்,
பதினெட்டு பவுண்டு.
முன்சக்கரத்து ஹப்பைக் குனிந்து திருகினேன்.
லோ கியர்.
இனி என் கால் சும்மா இருந்தால் போதும்,
இன்ஜின் எறும்பாக ஊரும்.

மூன்றாம் வளைவுக்கு மேலே ஒரு பாறைப்படி.
எப்போதும் அங்கே என் வண்டிக்கு மூன்று கால்தான்.
இறுகிய வில் பள்ளத்துக்குள் நீளாது.
பின்னால் இடது சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.
மண்ணில் நிற்கிற சக்கரத்தை விட்டுவிட்டு
இருக்கிற பலத்தையெல்லாம்
டிஃபரன்ஷியல் அதற்கே ஊற்றும்,
வேலைக்குப் போகாத பிள்ளை இலையில்
நெய் விழுவதுபோல.

"எல்லாரும் இடது பக்கம் சாயுங்க."
சாய்ந்தார்கள்.
கம்பியைப் பிடித்து வெளியே பாதி உடம்போடு
வெள்ளையனும் சாய்ந்தான்.
சக்கரம் இறங்கியது, கொஞ்சம் தேடியது,
கல்லைத் தொட்டது,
கடித்தது.
ஏறியே விட்டோம், ஒரு துள்ளல் இல்லை.
பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.
கோவிந்தி, எவ்வளவு நேரமாகவோ,
"போதும், நேரா உக்காருங்க" என்று
சொல்லிக்கொண்டிருந்தாள்.

பீஞ்சமந்தை சேர மணி ஒன்பதரை.
முட்டை இரண்டு உடைந்திருந்தது.
"அது மலை இல்ல, நான்" என்றார் எண்பது கிலோ.

திரும்பும்போது நானும் அந்தப் பையனும்தான்.
அதே பாறை. கழுதை விழித்துக்கொண்டது.
அவன் தலை கூரையில் மூன்று முறை இடித்தது.
"அண்ணா, அந்த நாலு பிளேட்டையும் கழட்டிட்டா இன்னா?"
நாளைக்குப் புளி, பன்னிரண்டு மூட்டை,
பேசி முன்பணமும் வாங்கியாயிற்று.
"ஒண்ணு கழட்டலாம்" என்றேன்,
அடுத்த பள்ளத்துக்குப் பிறகு.
அதற்கும் அடுத்ததில்,
"ரெண்டு."