ஒன்பதாவது மீட்டர்

கைஃபெங் நகரில் மண் துளைப்பது என் வேலை.
வங்கி கட்டுவார்கள், மருத்துவமனைக்கு மாடி ஏற்றுவார்கள்,
அஸ்திவாரத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள்.
இரும்புக் குழாயை இறக்கி, முழுசாய் இழுத்து,
வந்த மண்ணை நீளப் பெட்டியில் கிடத்தி
மீட்டருக்கு ஒரு சீட்டு எழுதுவேன்.
இருபத்திரண்டு வருஷமாய்.

முதல் மூன்று மீட்டர் எங்களுடையது:
செங்கல் தூள், பிளாஸ்டிக், ஒருமுறை ஒரு சைக்கிள் மணி.
துடைத்ததும் அடித்தது.
அதற்குக் கீழே ஆறு.
தண்ணீர் அல்ல, தண்ணீர் போய் நாளாயிற்று.
மஞ்சள் ஆறு விட்டுவிட்டுப் போன வண்டல்,
சலித்த மாவு போல, தவிட்டு நிறத்தில்.
விரலில் தேய்த்தால் ரேகைக்குள் ஏறிக்கொள்ளும்,
சோப்புக்கு இறங்காது.
அதற்குக் கீழே ஓர் ஊர்,
அடுப்புக்கரியும் ஆட்டெலும்புமாக.
அதற்குக் கீழே மறுபடியும் ஆறு.
அப்புறம்தான் வரும் தலைநகரம்.
பத்து லட்சம் பேர் இருந்தார்களாம்,
அரிசிப் படகுகள் பாலத்தில் பாய்மரம் இடித்தனவாம்.
எனக்கு அது ஒரு சாண் கரும்பழுப்புக் களிமண்.

ஐந்தாவது மீட்டர் ஊருக்கு மட்டும் ஒரு வழக்கு இருக்கிறது.
முற்றுகையிட்டவன் கரையை உடைத்தானா,
மதிலுக்குள் இருந்தவனே உடைத்தானா?
முந்நூற்றெண்பது வருஷமாய் வாதம்.
ஆற்றைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால்தான் என்ன சொல்லும்?
கதவு திறந்திருந்தது, நுழைந்தேன் என்னும்.

சாமந்தித் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் தொட்டி வைத்த வாரம்
புதுசாய் ஒரு பையன் சேர்ந்தான், நியூ பாவ்ஷான்.
மேற்கே வெகுதூரம், சுய்தே மலைப்பக்கம்.
பெட்டியில் கிடந்த வண்டலைப் பார்த்ததும்
கையுறையைக் கழற்றினான்.
கிள்ளி நாக்கில் வைத்தான். துப்பவில்லை.
"எங்க ஊர் மண்ணு அக்கா."

சிரித்தேன். மண்ணுக்கு ஏதடா ஊர்?

"அப்பன் தினை விதைக்கிற சரிவு
மழைக்கு மழை இளைச்சிட்டே வரும்.
எங்க போகுதுன்னு கேட்டா ஆத்துக்குன்னுவாங்க.
ஆத்துலேர்ந்து எங்கேன்னு
ஒருத்தரும் சொன்னதில்ல."
பெட்டி பெட்டியாய்க் குனிந்து பார்த்தான்,
இரவல் கொடுத்த பாத்திரத்தை
அடுத்த வீட்டு அலமாரியில் கண்டவன் மாதிரி.

அன்றைக்குத்தான் ஒன்பதாவது மீட்டரில் அந்தக் கிண்ணம்.
அடிப்பாகம் மட்டும், உள்ளங்கையளவு, பச்சை மெருகு.
விரிசலை இரும்பு முளையடித்துத் தைத்திருந்தது.
பேரரசன் குடியிருந்த ஊரில்
புதுக் கிண்ணத்துக்குக் காசில்லாத ஒருத்தி.

சீட்டில் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம்.
பொறியாளர் குவோ வேலையை நிறுத்தினார்,
யார்யாரோ வந்து கயிறு கட்டினார்கள்,
லிஃப்டை வடக்கே பத்தடி தள்ளச் சொன்னார்கள்.
தள்ளித் துளைத்தோம். தெருக்கல்.
இன்னும் தள்ளினோம். கிணற்றுச் சுவர்.
"ஆகாயத்துலதான் கட்டணும்" என்றார் குவோ,
சிகரெட்டைத் தேடிக்கொண்டு.

மற்ற ஊர்களில் ஆற்றுக்கு இறங்கிப் போவார்கள்.
நாங்கள் ஏறிப் போகிறோம்.
வேலையில்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை
பாவ்ஷானை ஸ்கூட்டரில் பின்னால் வைத்து வடக்கே ஓட்டினேன்.
கரைமேல் நின்றால் முன்னால் ஆறு,
முதுகுக்குப் பின்னால், பள்ளத்தில், நாங்கள்.
சுமந்து வந்ததை இறக்க இடமில்லாமல்
தன் படுக்கையிலேயே இறக்கி
அதன்மேலேயே படுத்துக்கொள்கிறது அது.
அது ஒரு விரல் உயர, நாங்கள் ஒரு சாண் உயர்த்த,
இப்படித்தான் குடித்தனம்.
விட்டுப்போகலாம் என்று இரண்டு பேருமே
நினைத்ததுண்டு.

அவன் ஆற்றை அதிகம் பார்க்கவில்லை.
கரையோரம் குந்தி அப்பனுக்குப் போன் போட்டான்.
காற்று. இரண்டாம் முறை கத்திச் சொன்னான்:
"கண்டுபிடிச்சிட்டேன்பா. எல்லாம் இங்கதான் இருக்கு.
மேல ஊர் கட்டியிருக்காங்க."