இருநூறு சொற்களுக்குள்

தேனாய் வழிந்தது என்று எழுதி அடித்தேன்.
சேர்வராயன் மலையில் தேனெடுப்பவனைக் கேட்டால்
முதலில் கொட்டும் என்பான்,
வழிவதெல்லாம் அப்புறம்.

உருக்கியது, உலுக்கியது, அவையும் போயின.
மிஞ்சியது இவ்வளவுதான்:

செவ்வாய்ப்பேட்டை மண்டபம், இரவு ஏழே முக்கால்.
கனகாம்புஜம் தோடியின் காந்தாரத்தை
அசைத்துக்கொண்டிருந்தபோது
வெளியே ஒரு லாரி பின்னால் வந்தது,
கீங் கீங் கீங் என்று.
வில்லைத் தூக்கிக்கொண்டார். கண் திறக்கவில்லை.
சத்தம் நின்றதும்
தான் விட்ட இடத்தில் அல்ல,
லாரி விட்ட இடத்தில் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தது.
திங்கள் காலை போன்.
"லீ பஜார் செங்கோடனுங்க. அது நம்ம வண்டிதான்,
மஞ்சள் லோடு.
லாரி விட்ட எடத்துலன்னு போட்டிருக்கீங்களே,
அது எப்படிங்க இருந்துச்சு?"

சொல்ல வரவில்லை.
பாடிக் காட்டினேன்,
சளி பிடித்த தொண்டையில், அரை நிமிடம்.

அந்தப் பக்கம் யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
பிறகு அவர், மெதுவாக:
"நீங்க எழுதுனதே நல்லாருந்துச்சுங்க."