செல்லாத பதினெட்டு

வாரத்தில் ஆறு நாள்
பயின்னவுங் சந்தையில்
உளுந்துக்குக் கணக்கெழுதுகிறேன்.
மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சென்னைக்குப் போகிறது.
எங்கள் குடும்பத்தில் விசா கிடைத்தது
அதற்கு மட்டும்தான்.
அங்கே போய்த் தோசையாகிறதாம்.
ஆகட்டும்,
யாராவது ஊர் போய்ச் சேர வேண்டாமா.

எனக்குப் பெயர் இரண்டு.
அட்டையில் கின் வின் ந்வே.
காளிகோயில் ரசீதில் வடிவாம்பாள்.
வரி கட்டுவது முன்னவள்,
உண்டியலில் போடுவது பின்னவள்.
வட்டிக்காரர் வந்து கதவைத் தட்டினால்
இரண்டு பேருமே வெளியே போயிருக்கிறார்கள்.

எண்பத்தேழில்
பால்மாவு டப்பாவுக்குள் நாற்பது நோட்டு வைத்திருந்தேன்.
எல்லாம் எழுபத்தைந்து கியாட்.
ஒரு தையல் மெஷினும், மிஞ்சினால் ஒரு மின்விசிறியும்.
செவ்வாய்க்கிழமை திருடன் வந்தான்.
அவசரக்காரன், அல்லது இரக்கக்காரன்,
இருபத்திரண்டை எடுத்துக்கொண்டு
பதினெட்டை விட்டுவிட்டுப் போனான்.
மூடியைக்கூட மூடியிருந்தான்.

நான்கு நாள் அவனைச் சபித்தேன்.
கை விளங்காமல் போக,
கஞ்சிக்கு உப்பில்லாமல் போக.
சனிக்கிழமை வானொலி சொன்னது:
இருபத்தைந்து செல்லாது,
முப்பத்தைந்து செல்லாது,
எழுபத்தைந்து செல்லாது.
மாற்றித் தர மாட்டோம்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.
நான் சிரித்தேன்.
என் வீட்டுக்காரர் பயந்துபோய்
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
இந்த நகரத்தின் ஏதோ ஒரு மூலையில்
என்னைப் போலவே ஒருவன்
டப்பாவின் முன்னால் உட்கார்ந்திருப்பான்
என்று நினைத்தேன், அதான்.
அன்றோடு அவன் மேல் கோபம் போய்விட்டது.
தொழிலில் அவன் சின்ன ஆள்.

திங்கட்கிழமை காவல் நிலையம் போனேன்.
எழுத்தர் பேனாவை மூடி வைத்தார்.
"செல்லாத காசு களவு போனால்
அது களவா அம்மா?"
நல்ல கேள்வி.
முப்பத்தைந்து வருடமாக யோசிக்கிறேன்.

பிறகு நாற்பத்தைந்தில் ஒரு நோட்டு வந்தது,
தொண்ணூறில் ஒன்று வந்தது.
ஒன்பதால் வகுபட்டால் நல்லதாம்.
கத்தரிக்காய்க்காரி மீதி கொடுப்பதற்குள்
வெயில் சாய்ந்துவிடும்.
வகுத்தல் தெரிந்தவள் என்று
உளுந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது.
ஆக, அரசாங்கம்
எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று
சொல்ல மாட்டேன்.

இப்போது பணம் ஃபோனுக்குள் இருக்கிறது.
மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும்
நான் வசதியானவள்.
வங்கி வாசலில் விடிகாலையிலேயே
செங்கல்லை வைத்து இடம்பிடிக்கிறார்கள்.
என் செங்கல்லை
யாரோ வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள்.
அவராவது கட்டட்டும்.

போன மாதம் பான்சோடான் தெரு நடைபாதையில்
பழைய நாணயம், பழைய தபால்தலை விற்கிறவன்
கண்ணாடித்தாளுக்குள்
அதே எழுபத்தைந்தை வைத்திருந்தான்.
என்ன விலை என்றேன்.
மூவாயிரம் என்றான்.
அன்றைய என் மொத்த டப்பா.
செத்த நோட்டுக்கு விலை ஏறுகிறது,
உயிருள்ள நோட்டு
என் கைப்பைக்குள்ளேயே இளைக்கிறது.
மனிதர்களுக்கும் இப்படித்தான்;
பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம்
செத்த பிறகுதான் உத்தமன் ஆனார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து எண்ணினேன்.
பதினெட்டும் இருக்கிறது,
ஒன்றில் மட்டும் கரப்பான் கடி.

அந்த மனிதன்
இருபத்திரண்டையும் எரிக்காமல் வைத்திருந்தால்
கணக்குப்படி இன்று
என்னைவிட நாலு நோட்டு பணக்காரன்.
பார்த்தால் கேட்க வேண்டும்,
பாதி எனக்குத் தருகிறாயா என்றல்ல.
அன்று ஏன்
மூடியை மூடிவிட்டுப் போனாய் என்று.