இருபத்துநாலு ஹெர்ட்ஸ்

ராத்திரி முழுக்க ஒழுங்காகத்தான் இருந்தது.
விநாடிக்கு இருநூற்று நாற்பது கோடி ஆட்டம்,
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
திரையில் ஒற்றை ஊசியை நட்டுவைத்த மாதிரி.
பச்சை விளக்கு: லாக்.

விடிகாலை நாலேகால்.
ஊசிக்கு இரண்டு பக்கமும்
இரண்டு குட்டி முள்.

கரண்ட் செய்யும் வேலை என்றால்
ஐம்பதில் வரும், நூறில் வரும்.
இது இருபத்துநாலில் நிற்கிறது.
பேட்டரியில் ஓட்டினேன். அசையவில்லை.
டியூப்லைட்டை அணைத்தேன், போனை அணைத்தேன்,
இருட்டில் உட்கார்ந்து
சிப் விற்ற பெங்களூர்க்காரனைத் திட்டினேன்.
லூப் ஃபில்டரை மூன்று தடவை கழற்றிப் பற்றவைத்தேன்.
ஆறரைக்குத் தானாகப் போயிற்று.

மறுநாள் வரவேயில்லை.
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே ஆஜர்.
நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்,
பேய்க்கு வருகைப் பதிவேடு.

இந்தச் சிப்புக்குச் சொந்த அறிவு கிடையாது.
விரல்நகத்தில் பாதி.
உள்ளே ஒன்று வெறிபிடித்து ஆடுகிறது.
அந்த ஆட்டத்தை இருநூற்று நாற்பதால் வகுத்துப்
பக்கத்துக் கிரிஸ்டலோடு ஒட்டிவைத்துப் பார்க்கும்:
நீ முந்தியா, நான் முந்தியா?
முந்தினால் கொஞ்சம் இழுக்கும்,
பிந்தினால் கொஞ்சம் தள்ளும்.
அவ்வளவுதான் உத்தியோகம், விநாடிக்கு ஒரு கோடித் தடவை.
கிரிஸ்டல் சொன்னால் அதுதான் சத்தியம்.
கிரிஸ்டல் நடுங்கினால்
நடுக்கத்தையும் இருநூற்று நாற்பதால் பெருக்கி
அதையும் சத்தியம் என்றே சொல்லும்.

ஞாயிறு. தலைவலி.
குளிர்ச்சிக்காக நெற்றியைச் சுவரில் வைத்தேன்.
செக்காலைத் தெருவின் சுண்ணாம்புச் சுவர்
உர்ர் என்றது.

பின்கட்டு வாடகைக்காரர் சாத்தையா,
கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட்.
பெரிய கிரைண்டர் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன.
குனிந்து மோட்டார் தகட்டைப் படித்தேன்:
நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.
அறுபதால் வகு.

"என்ன வள்ளிக்கண்ணு, விடியக்காலையில
வாய்ப்பாடு சொல்லுறே?"
மாவுக்கையோடு நிற்கிறார்.

இங்கே கல் சுற்றுகிறது.
தரைவழி, சுவர்வழி, மேஜைக்கால்வழி
அங்கே ஒரு கல் கேட்டுக்கொண்டிருக்கிறது.
படிகமும் கல்தானே.
உளுந்து அரைபடும் சேதி
நெல்மணி அளவுக் கல்லுக்குத் தெரிந்திருக்கிறது;
நாள்வாடகைக்கு அனலைசர் எடுத்து வைத்திருக்கும்
எனக்குத் தெரியவில்லை.

பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்தேன்.
நீலம்.
கிரிஸ்டலைப் போர்டிலிருந்து பெயர்த்து
அதன்மேல் உட்காரவைத்து
தலைமுடி கனத்தில் கம்பி இழுத்தேன்.
கிரைண்டர் ஓடுகிறது.
முள் குறுகிக் குறுகி
இரைச்சல் புல்லுக்குள் இறங்கிப் படுத்துவிட்டது.

ரிப்போர்ட்டில் செருப்பு என்று எழுத முடியுமா?
'நெகிழ்ரப்பர், நாலு மில்லிமீட்டர்' என்று எழுதினேன்.

இந்தப் பெட்டி தொண்டிக்குப் போகிறது.
விசைப்படகில் ஏறி
இன்னொரு படகோடு பேச வேண்டும்.
அங்கே ஓடும் எஞ்சின்
சாத்தையா கிரைண்டருக்கு அண்ணன்.
சத்தமில்லாத வீட்டில் பாஸ் ஆகியிருந்தால்
கடலில் போய்த்தான் ஃபெயில் ஆகியிருக்கும்.

"அண்ணே, அடுத்த முகூர்த்தம் எப்போ?"
"செவ்வாக்கிழமை. ஆயிரம் இலை. நாலு கிரைண்டர் ஓடும்."
"இரண்டாவது போர்டை
உங்க கிரைண்டர் மேடையிலேயே வச்சுக்கட்டுமா?"
"மாவு தெறிக்கும்மா."

தெறிக்கட்டும்.
அலை தெறிக்காத படகு
எந்த ஊரில் இருக்கிறது?