இருபதை மூன்றால் வகுத்தல்

கஞ்சிலின் எண்ணெய் முள் பொய் சொல்லும்.
பாதி என்று காட்டும்போது கால்தான் இருக்கும்.
நான் முள்ளைப் பார்ப்பதில்லை,
ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பேன்.

டீசல் ஏறிய மாதம்
கம்பெனி பஸ் பகாவுக்கு வருவதை நிறுத்தியது.
வருந்துகிறோம் என்று மலாயில் ஒரு தாள்,
மூலையில் டேப் பிய்ந்து ஆடியது.
அன்று முதல் என் கஞ்சில்தான் பஸ்.
முன்னால் இன்பராஜ், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க.
பின்னால் ஹஸ்னிசா, புனிதமலர்,
அவர்கள் நடுவே நாலு பேர் சாப்பாடு.
விடியற்காலை ஐந்தேகாலுக்குச் செம்பனை ஆலை முனை,
ஏழுக்குள் செனவாங்கில் அட்டை தட்ட வேண்டும்.
ஆளுக்கு மூன்றரை வெள்ளி.

பிறகு பெட்ரோலும் ஏறியது.
ஆளுக்கு ஐந்து.

முதலில் ஏர்கோனை நிறுத்தினோம்.
கண்ணாடியை இறக்கியதும்
ஆலைப் புகையும் கோழிப்பண்ணையும்
பங்கு கொடுக்காமலே ஏறி உட்கார்ந்தன.
வெள்ளிக்கிழமைகளில் கோலப்பிலாவில் இறங்கிப் பசியாறுவது போயிற்று.
ஞாயிறு நான் எங்கும் போவதில்லை.
கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் மண்டபத்தைப் படிக்கிறேன்,
தூரம் சரிப்பட்டால்
பெண் யார் என்று பார்க்கிறேன்.

புக்கிட் பூத்துஸ் உச்சியில் கியரை எடுத்துவிட்டு
இறக்கம் முழுக்க வண்டியைச் சும்மா உருளவிடப் பழகினேன்.
தப்புதான்.
பூத்துஸ் என்றால் அறுந்தது.
எஞ்சின் சத்தம் அமுங்கிப்போக,
காற்றும் பிரேக் காய்கிற வாடையுமாக,
மிச்சமாகிற காசு காதில் விழுகிறதா என்று
நாலு பேரும் பேசாமல் இருப்போம்.
"நம்ம உசுரு லிட்டர் என்ன வெலை?" என்றான் இன்பராஜ்.
முதலில் சிரித்தது ஹஸ்னிசா.
அவளுக்கு அவ்வளவு தமிழ் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை
நாசி லெமாக் மடித்த தாளின் பின்பக்கத்தில்
புனிதமலர் கணக்குப் போட்டுக் காட்டினாள்.
எண்ணெய் பட்ட இடத்தில் பேனா வழுக்கியது.
பகாவ் மினிமார்க்கெட்டில் மாதம் முந்நூறு குறைவு.
ஆனால் நடந்தே போகலாம்.
என் வண்டிக்கு நூற்று முப்பது மிச்சம்.
இருட்டிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விடுகிறாளே,
அந்த வீட்டுக்கு நூற்றைம்பது மிச்சம்.
"இருவது வெள்ளிதான்க்கா நட்டம்.
இருவது வெள்ளிக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் வருது.
வாங்கிக்கிறேன்."

போகாதே என்று நான் சொல்லவில்லை.
அவள் பேசப் பேச
வேறொரு இருபதை மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தேன்.
ஆறு, புள்ளி, ஆறு, ஆறு, ஆறு...
மேட்டில் ஏறும் கஞ்சில் மாதிரி
அந்த எண் முனகிக்கொண்டே போகிறது,
உச்சி வருவதில்லை.

இப்போது வண்டி இலேசு.
அவள் ஐம்பத்தெட்டு கிலோ, அவளே சொன்னது.
மலையில் மூன்றாம் கியரே போதுமாக இருக்கிறது,
பங்குதான் கனத்துவிட்டது.
எண்ணெய் என்ற சொல்லைப் பிய்த்தால்
எண்தான் முதலில் கையில் வருகிறது.

ஆறு எழுபது என்றேன்.
இன்பராஜ் அப்படியே எடுத்துக் கொடுத்தான்.
ஹஸ்னிசா மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள்.
ஆளுக்கு மூன்று சென் என் பக்கம் சாய்வதைக்
கண்டுபிடித்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் குறைக்கவில்லை.

ஐந்தேகாலுக்குப் புனிதமலர் வீட்டைக் கடக்கிறோம்.
விளக்கில்லை.
பழக்கத்தில் கால் பிரேக்குக்கும் கை ஹாரனுக்கும் போகிறது.
அடிக்கவில்லை,
அது காசு கொடுத்து வாங்கிய தூக்கம்.
வேகம் குறைத்து மறுபடி கூட்டினால்
எண்ணெய் அதிகம் குடிக்கும்.
எனக்கும் தெரியும்.
நாளைக்கும் அந்த இடத்தில் குறைப்பேன்.